ரீடிங் குறைந்தால் ஆபத்து குறைந்ததா?

மருத்துவ ஆய்வுகளில் புள்ளியியல் பார்க்கிறவர்களிடம் இந்த மாதிரி அறிக்கை அடிக்கடி வரும்: ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தோம், ஆலோசனை கொடுத்தோம், சில மாதம் கழித்து அளந்தோம், சராசரி நன்றாக இறங்கிவிட்டது. சரி, ஆலோசனை பெறாதவர்களுக்கு எவ்வளவு இறங்கியது? பெரும்பாலும் அதை அளந்தே இருக்க மாட்டார்கள்.

ரத்த அழுத்தம் ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். முதல் தடவை 160 காட்டிய பலருக்கு வழக்கமான அளவு அதைவிடக் குறைவுதான். பதற்றமோ தூக்கக் குறைவோ அன்றைக்கு அதைத் தூக்கிவிட்டிருக்கும். மறுபடி அளந்தால் மருந்தே இல்லாமல் கொஞ்சம் இறங்கும். உயர்ந்த எண் வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் இந்த இறக்கம் நிச்சயம் தெரியும். சராசரியை நோக்கிய பின்னடைவு என்பது இதுதான். பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்து 1886-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் விளக்கியது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் இந்த இறக்கத்தையும் சிகிச்சையின் பலனையும் பிரிப்பது மிகக் கடினம். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

ஒரே அளவை நம்புவதில் நேரெதிரான கெடுதலும் உண்டு. அந்த ஓர் எண்ணை வைத்து மாரடைப்பு ஆபத்தைக் கணக்கிட்டால், அன்றைய ஏற்ற இறக்கமும் அதில் கலந்திருப்பதால், ரத்த அழுத்தத்துக்கும் மாரடைப்புக்கும் உள்ள உண்மையான தொடர்பு பலவீனமாகத் தெரியும்.

அதனால்தான் திரும்பத் திரும்ப அளக்கிறோம். இதயநோய் பற்றிய அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1948-இல் தொடங்கியது. அதில் சேர்ந்த 5,209 பேரையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தார்கள். இப்படிச் சேரும் தரவில் ஒவ்வொரு ஆளுக்கும் தனிக்கோடு வரைகிற கலப்பு விளைவு மாதிரிகள் என்ற புள்ளியியல் முறைகள் உதவும். ஒருவர் எங்கே தொடங்கினார், எவ்வளவு வேகமாக ஏறுகிறார் என்று பார்க்கலாம். இடையில் ஒரு பரிசோதனை விடுபட்டாலும் அவரைக் கழித்துவிட வேண்டியதில்லை. ஆனால் நோய் முற்றியவர்களே அதிகம் விலகினால், மீதமிருப்பவர்களின் சராசரி பொய்யாக நன்றாகத் தெரியும். யார், ஏன் விலகினார் என்பதையும் எழுதி வையுங்கள்.

அப்புறம் வரம்பு. 2017-இல் அமெரிக்க இதயநல அமைப்புகள் உயர் ரத்த அழுத்த வரம்பை 140/90-இலிருந்து 130/80-ஆகக் குறைத்தன. அந்நாட்டுப் பெரியவர்களில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் விகிதம் சுமார் 32 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாகத் தாவியது. யாருடைய ரத்தக்குழாயும் அன்று மாறவில்லை. பதிவேட்டில் ‘உண்டு’, ‘இல்லை’ என்று மட்டும் குறித்திருந்தால், பத்தாண்டுக்கு முந்தைய நிலையை இன்றைய வரம்பில் கணக்கிட வழியே இல்லை. அளந்த எண்ணையே, தேதியோடு, எழுதுங்கள்.