தண்ணீர் மேல் ஓடும் படகு ஏன் சூடாகிறது?

ஒன்றரை முழ நீளம்தான் இருக்கும். ஆனால் முழு வேகத்தில் விட்டால் 2,000 வாட் வரை இழுக்கும், ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகு. இரண்டு இஸ்திரிப் பெட்டிகளுக்குப் போகிற மின்சாரம் அது. அதில் ஆறில் ஒரு பங்கு மோட்டாரிலும், அதை இயக்கும் இஎஸ்சி என்கிற வேகக் கட்டுப்பாட்டுப் பலகையிலும் சூடாக மாறினால்கூட 300 வாட்டைத் தாண்டிவிடும். அந்தச் சூடு வெளியேற வழியே இல்லை. தண்ணீர் புகாமல் இருக்க மூடியைச் சுற்றி டேப் ஒட்டுகிறோம் அல்லவா, அது காற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறது.

அதனால் படகு மிதக்கிற தண்ணீரையே உள்ளே கூப்பிட வேண்டியிருக்கிறது. சுக்கானிலோ அடிப்பகுதியிலோ முன்னோக்கி ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் புகும் தண்ணீர் சிலிக்கோன் ரப்பர் குழாய் வழியாக இஎஸ்சிக்கும், அப்புறம் மோட்டாரைச் சுற்றியுள்ள உறைக்கும் போய், பக்கவாட்டில் பீச்சி வெளியேறும். பம்ப் கிடையாது. படகின் வேகம்தான் பம்ப். மணிக்கு 36 கிலோமீட்டரில் ஓடும்போது துளையில் மோதும் நீரின் அழுத்தம், 5 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து இறங்கும் அழுத்தத்துக்குச் சமம். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசிதான். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடினாலே போதும்; 300 வாட் சூட்டை வாங்கிக்கொண்டும் அந்தத் தண்ணீர் 9 டிகிரிகூட ஏறாது.

படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் மேல் எழும்ப முடியாமல் திணறும் நேரம்தான் மோசமானது. சுமை அதிகம், குளிர்நீரோ குறைவு. அந்த நிலையில் நிறுத்தி வைக்காமல் சட்டென்று தாண்டிவிட வேண்டும்.

சூடு ஏறினால் என்ன ஆகும்? இஎஸ்சியில் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகளான மாஸ்ஃபெட்டுகளின் மின்தடை வெப்பத்தோடு கூடும். தடை கூடினால் இன்னும் சூடு. மோட்டாருக்குள் இருக்கும் சாதாரண ரக நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரியைத் தாண்டினால் காந்த சக்தியை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். படகுக்கு மின்சாரம் தரும் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 60 டிகிரிக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

கரைக்கு வந்ததும் நீருறையைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். உறை மறைக்காத முனையை, வயர்கள் வெளிவரும் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் உண்மையான சூடு அங்கேதான் தெரியும்.

நீர்க் குளிர்ச்சி எட்டாத இன்னொரு இடம், இஎஸ்சியில் மின்னழுத்தத்தைச் சமன்செய்யும் கெப்பாசிட்டர்கள். இஎஸ்சி மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. பேட்டரி வயர் நீளமாக இருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் மின்னழுத்தம் துள்ளும். அதை விழுங்கி விழுங்கியே கெப்பாசிட்டர் கொதிக்கும். வயரை நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மோட்டார் பக்கம் நீட்டுங்கள்.

சரி, இவ்வளவும் உண்டான சூட்டை அகற்றும் வேலை. சூட்டை உண்டாக்காமல் இருப்பது ப்ரொப்பெல்லரின் கையில் இருக்கிறது, பலர் கவனிக்காத இடமும் இதுதான். அதே சுழற்சி வேகத்தில் அதற்குத் தேவைப்படும் திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்காக ஏறும். 40 மில்லிமீட்டரை 42 ஆக்கினால், கண்ணுக்கே தெரியாத அந்த வித்தியாசம் சுமையை 28 சதவீதம் கூட்டும். வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அது 60 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் இதை ஈடுகட்டுவது கடினம். ஒரு அளவு சிறிய ப்ரொப்பெல்லரை மாட்டிப் பார்ப்பதுதான் நான் எப்போதும் முதலில் சொல்வது.

ஓட்டும்போது கண் பக்கவாட்டில் பீச்சும் நீர்த்தாரை மேலேயே இருக்கட்டும். பாசியோ மணலோ துளையை அடைத்தால் அது முதலில் மெலியும். வேகமாக ஓட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாலும் நீரோட்டம் நின்றுவிடும், சுருள்களில் தேங்கிய சூடு மெல்ல காந்தங்களுக்குப் பரவும். கடைசிச் சுற்றை மிதமான வேகத்தில் ஓட்டி, கரைக்கு வந்ததும் டேப்பைப் பிரித்து மூடியைத் திறந்து வையுங்கள்.