தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டோம்

தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலைப் போன மாதம்தான் முதல்முறையாகப் படித்தேன், எம்.ஏ. சுசீலாவின் தமிழில். வட்டிக்கடைக் கிழவியைக் கோடரியால் கொல்பவனின் கதை என்று தெரியும். நாளெல்லாம் மனநலப் பிரிவில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அது வேண்டாமென்று தள்ளிப்போட்டு வந்தேன்.

1866-ல் வந்த நாவல். கொலை முதல் பாகத்தின் முடிவிலேயே நடந்துவிடுகிறது. என்னை உலுக்கியது அதற்கு முந்தைய பக்கங்கள்.

ரஸ்கோல்நிகோவ் பீட்டர்ஸ்பர்க்கில் சட்டப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞன். கூரையை ஒட்டி, ஆறு எட்டு வைத்தால் முடிந்துவிடும் அறை. வாடகை பாக்கி என்பதால் படிக்கட்டில் வீட்டுக்காரி கண்ணில் பட பயம். உடுத்திய துணியோடு சோபாவில் படுத்து, பழைய கோட்டைப் போர்த்திக்கொள்கிறான். வேலைக்காரி நஸ்தாஸ்யா டீயும் முட்டைக்கோஸ் சூப்பும் கொண்டுவந்து, "இப்போதெல்லாம் ஏன் ஒரு வேலையும் செய்வதில்லை?" என்று கேட்கிறாள். "செய்கிறேன். யோசிக்கிறேன்" என்கிறான். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் எதை யோசித்துக்கொண்டிருந்தான் என்பதுதான் நமக்குத் தெரியுமே.

பின்னால் சோனியா என்ற பெண்ணிடம் கொலையை ஒப்புக்கொள்ளும்போது அவனே சொல்கிறான்: சாப்பாடு வந்தால் சாப்பிடுவேன், வராவிட்டால் வேண்டுமென்றே கேட்காமல் கிடப்பேன், ராத்திரி விளக்கில்லாமல் இருட்டில் படுத்திருப்பேன் என்று. இதே வார்த்தைகளை நான் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அறைக்குள் முடங்குகிறவர்களைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. தங்களுக்கே ஏதாவது செய்துகொள்வார்களோ என்பதுதான் எங்கள் கவலை.

கொலைக்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு நண்பன் ரசூமிகின் தெருவில் எதிரே வருகிறான். ரஸ்கோல்நிகோவ் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். ரசூமிகின் கவனித்துவிட்டான். ஆனாலும், தொந்தரவு செய்ய வேண்டாமென்று பேசாமல் கடந்து போகிறான். நாவலில் இரண்டே வரி. நல்லவன், பாசக்காரன், பின்னால் இவனுக்காக அலையாய் அலைகிறவன். அவனே அன்று அப்படித்தான் செய்தான். "தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டோம் டாக்டர்" என்று பெற்றோர் எத்தனை பேர் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்!

தூக்கம் மாறி, குளியல் நின்று, நண்பர்களின் போனை எடுக்காமல் இரண்டு வாரம் போனால் காத்திருக்காதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

ஓர் அம்மா மகனின் அறை வாசலில் தினமும் தட்டை வைத்துவிட்டுப் போவாராம். மறுநாள் அது அப்படியே இருக்கும், சோறு காய்ந்து ஓரத்தில் எறும்பு. ஒரு நாள் இரண்டு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளேயே போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவன் பேசவில்லை. அவர் மட்டும் சாப்பிட்டார். நான்காம் நாள் அவன் ஊறுகாய் கேட்டான். அடுத்த வாரம் இருவரும் பஸ் ஏறி ஓ.பி.க்கு வந்தார்கள்.