சொப்பின் பை: சொல்லும் பொருளும்

வவுனியாச் சந்தையிலோ கிளிநொச்சிக் கடைத்தெருவிலோ "அண்ணை, ஒரு சொப்பின் தாங்கோ" என்றால் பொலித்தீன் பை ஒன்று கைக்கு வரும். 'பை'யைக் கூடச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதன் மூலமான 'shopping' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பை என்ற பொருளே கிடையாது. கடைகடையாய் ஏறிச் சாமான் வாங்கும் செயலுக்குத்தான் அந்தப் பெயர். அதன் வேர்ச்சொல் பழைய ஆங்கிலத்தில் சிறு கொட்டில் கடையைக் குறித்தது. அதிலுள்ள 'o' ஒலி நம் வாயில் ஒகரமாகவே நிற்கும். தமிழகத்தின் டாக்டர் நமக்கு டொக்டர். அந்த வழியில் வந்து, கடைசி ஒலியும் தேய்ந்து, சொப்பின் ஆகிவிட்டது. வாங்கும் செயலின் பெயர் வாங்கியதைச் சுமக்கும் பைக்கு ஒட்டிக்கொண்டது.

பொலித்தீன் வேறு கதை. 'பொலி' கிரேக்கத்தில் பல என்று பொருள்படும். எதிலீன் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி அது. அந்த நீளமான சங்கிலியை நுண்ணுயிர்களால் இலகுவில் அரிக்க முடியாது. வெயிலில் கிடந்தால் பை நொறுங்கித் துணுக்குகளாகும், மண்ணாகாது. மாடுகள் அவிழ்த்துவிட்டபடி மேயும் வன்னியில் இதனால் வரும் கேடு பெரிது. சோற்று மிச்சத்தைப் பைக்குள் போட்டு முடிச்சிட்டு எறிந்தால், மணத்துக்கு வரும் மாடு பையோடு சேர்த்து விழுங்கிவிடும். அது முதல் இரைப்பையில் சுருண்டு தங்கும், வெளியேறாது. நாளடைவில் மாடு தீன் எடுக்காமல் மெலியும். எறியத்தான் வேண்டுமென்றால் முடிச்சை அவிழ்த்து, உணவை வளவில் புதைத்து, பையைத் தனியே சேர்க்கவேண்டும்.

இலங்கையில் 2017 செப்டெம்பர் 1 முதல் சோறு சுற்றும் லஞ்ச் சீற்றுக்கும் சிலவகைப் பொலித்தீன் பைகளுக்கும் தடை வந்தது. 2025 நவம்பர் 1 முதல் சொப்பின் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்டவேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? நெகிழிப்பை என்பது நல்ல சொல். நெகிழ் என்ற வினையிலிருந்து பிறந்த நெகிழி, வளைந்து கொடுக்கும் அந்தப் பொருளின் தன்மையைச் சொல்கிறது. பையோ பழைய தமிழ்ச்சொல். பாம்பு விரிக்கும் படத்துக்கும் அதே பெயர் உண்டு. ஆனால் எல்லாப் பையையும் நெகிழிப்பை என்று பெயர்த்துவிட்டால் நம்மிடம் இருந்த பைகளின் பெயர்கள் அழிந்துபோகும். கச்சானுக்குக் கடதாசிச் சரை. நெல்லும் மரக்கறியும் தூக்கக் கடகம். குளத்து அலைகரையில் வெட்டிய பன் புல்லைக் காயவைத்துப் பின்னினால் பன்பை. யூரியா வந்த உரபாக்கைக் கழுவித் தைத்தால் அதுவும் சந்தைப் பைதான். வீட்டிலிருந்து சந்தைக்குக் கையில் கொண்டுபோன பனையோலைப் பையின் பெயர் உமல். 'சொப்பின்' செய்யும் வேலைக்கு நேரான தமிழ் உமலே என்பது எங்கள் முடிவு.

உமல் இழைக்கக் குருத்தோலை வேண்டும். பளை, பூநகரிப் பக்கம் பனைக்குக் குறைவில்லை. ஓலையை விரித்துக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுக்கவேண்டும். வார் ஒன்று அகன்றும் ஒன்று ஒடுங்கியும் போனால் இழையில் கண்விடும், மூலை சரியும், சீனி கொட்டும். இழைக்க முன் ஈரத்துணியால் சுற்றிப் பதமாக்காவிட்டால் மடிக்கும் இடத்தில் ஓலை முறியும். கைபிடி பூட்டும் இடத்தில்தான் பாரம் முழுதும் இறங்கும். ஆகவே பிடியை வாய்விளிம்போடு நிறுத்தாமல், கீழே சில வரிசைகளுக்குள் கோத்து இறுக்கினால் தேங்காய், மாப் பாரத்துக்கும் பிய்யாது.

மீன் வாங்கிய உமலை அன்றே கழுவி, நிழலில் காற்றுப்படத் தூக்கிவிடவேண்டும். ஈரத்தோடு மூலையில் போட்டால் பூஞ்சணம் பிடித்து ஓலை கறுக்கும். நாட்கணக்கில் வெயிலில் விட்டாலோ மடிப்பு வெடிக்கும்.

கடைக்காரர் பலகையில் எழுதும்போது 'நெகிழிப்பைக்குத் தனி விலை. உமலோ துணிப்பையோ கொண்டுவாருங்கள்' என்று எழுதலாம். பேச்சில் சொப்பின் என்பவரைத் திருத்த வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் மட்டும் ஓலையில் இழைத்ததை 'ஓலைச் சொப்பின்' என்று சொல்லவேண்டாம். அதற்குப் பெயர் உண்டு.