ஏலமா, கோரிக்கையா? 'பிட்' என்ற சொல்லுக்குத் தமிழ்

உலகக் கோப்பைக் கால்பந்தை எந்த நாடு நடத்தப்போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், 'உலகக் கோப்பையை நடத்தும் ஏலத்தில் மூன்று நாடுகள்' என்பது போன்ற தலைப்புகளைத் தமிழில் பார்க்கிறேன். ஆங்கிலச் செய்தியில் 'பிட்' (bid) என்று இருந்திருக்கும். அகராதியில் அதற்கு முதல் பொருள் ஏலம் கேட்பது. அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறோம். படிப்பவர் மனத்தில், நாடுகள் வரிசையாக உட்கார்ந்து தொகையை ஏற்றிக்கொண்டே போகும் காட்சிதான் வரும். உண்மையில் அப்படி எதுவும் நடப்பதில்லை.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். இன்றைய 'பிட்' ஒரு சொல்லாகத் தெரிந்தாலும் பழைய ஆங்கிலத்தின் இரண்டு வினைகள் கலந்து உருவானது. ஒன்று 'பிட்டன்': கேட்டுக்கொள்ளுதல், இறைஞ்சுதல். மற்றொன்று 'பேயோடன்': தர முன்வருதல், அறிவித்தல். ஜெர்மன் மொழியில் இவை இன்றும் கலக்காமல் இருக்கின்றன. 'பிட்டன்' என்றால் வேண்டுதல், 'பீட்டன்' என்றால் தர முன்வருதல். ஆங்கிலத்தில் ஒலியும் பொருளும் நெருங்கி இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஏலப் பொருள் வந்தது இரண்டாவது வினையிலிருந்து. முதல் வினையின் உறவுச் சொல் ஒன்று எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. கோக்கும் மணியைக் குறிக்கும் 'பீட்' (bead) என்ற ஆங்கிலச் சொல் முதலில் செபத்தைக் குறித்தது. செபத்தை எண்ண உருட்டிய மணிக்கே பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆக, 'எனக்குக் கொடுங்கள்' என்ற கேட்டலும் 'நான் இதைத் தருகிறேன்' என்ற முன்வருதலும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. உலகக் கோப்பை விஷயத்தில் இந்த இரண்டும்தான் நடக்கின்றன.

முதல் உலகக் கோப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930 போட்டியை நடத்த உருகுவேயுடன் இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்து, சுவீடன், ஹங்கேரி ஆகியவையும் விரும்பின. உருகுவே 1924, 1928 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நாடு. அதன் முதல் அரசியலமைப்புக்கு 1930இல் நூறு வயது. வரும் அணிகளின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் தானே ஏற்பதாகவும், மான்டிவிடியோவில் புதிதாக ஓர் அரங்கம் கட்டுவதாகவும் அது சொன்னது. மற்ற நாடுகள் விலகிக்கொள்ள, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 1929இல் பார்சிலோனாவில் கூட்டிய மாநாடு உருகுவேயைத் தேர்ந்தெடுத்தது. அந்த அரங்கத்தின் பெயரே சென்டனாரியோ, அதாவது நூற்றாண்டு அரங்கம். இதில் ஏலம் எங்கே இருக்கிறது? ஒரு நாடு வாய்ப்பைக் கேட்டது, வருகிறவர்களுக்கு என்னென்ன செய்து தரும் என்றும் சொன்னது.

அப்புறம், 'ஏலம்' என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. ஏலக்காயைக் குறிக்கும் ஏலம் வேறு சொல். விற்பனையைக் குறிக்கும் ஏலம் போர்த்துகீசிய 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்ததாகத் தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. அந்தப் போர்த்துகீசியச் சொல்லுக்கு மூலம் அறிவித்தலைக் குறிக்கும் அரபுச் சொல் என்பார்கள். பொருத்தமான மூலம்தான். ஏலம் என்றால் எல்லார் காதிலும் விழ விலை கூறவேண்டும். 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று முடிந்ததும் அதிகத் தொகை சொன்னவருக்குப் பொருள் போய்விடும். அங்கே கேள்வி தொகையைப் பற்றியது மட்டுமே.

உலகக் கோப்பையை நடத்தும் நாட்டை முடிவு செய்வது வாக்கு. 2006 போட்டிக்காக 2000இல் ஃபிஃபா செயற்குழுவில் நடந்த கடைசிச் சுற்று வாக்கெடுப்பில் ஜெர்மனி தென்னாப்பிரிக்காவை 12க்கு 11 என்று வென்றது. ஓர் உறுப்பினர் வாக்களிக்கவில்லை. 2026 போட்டிக்காக 2018இல் மாஸ்கோவில் ஃபிஃபாவின் உறுப்பினரான கால்பந்துச் சங்கங்களே வாக்களித்தன. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து கேட்டதற்கு 134 வாக்கு, மொராக்கோவுக்கு 65. 2034க்குக் கேட்டதோ சவூதி அரேபியா மட்டும். ஒருவரே கேட்டால் விலை ஏற வழியில்லை. ஆனால் ஒருவர் கேட்டாலும் கோரிக்கை கோரிக்கைதான்.

'பணம் விளையாடுகிறதே, ஏலம் என்றால் என்ன தப்பு?' என்று சிலர் கேட்கலாம். 2010 டிசம்பரில் 2018, 2022 போட்டிகளுக்கான இடங்களை முடிவு செய்தபோது, வாக்குப் பேரம் பற்றிய குற்றச்சாட்டை அடுத்து செயற்குழுவின் இரண்டு உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்தார்கள். மீதி 22 பேர்தான் வாக்களித்தார்கள். சரி, வாக்கை விலைபேசினால் அதற்கு லஞ்சம் என்று தெளிவான பெயர் இருக்கிறது. அதை ஏலம் என்று சொன்னால் வெளிப்படையாக நடக்கும் ஒரு முறைக்கும் மறைவில் நடக்கும் குற்றத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

சரியான தமிழ் எது? 'பிட்' என்றே எழுதலாம் என்றால், கணினித் தகவலின் அலகும் தேர்வறைத் துண்டுச்சீட்டும் அதே எழுத்தில்தான் வருகின்றன. 'போட்டியிடும் நாடுகள்' நல்ல தொடர். ஆனால் 'போட்டியை நடத்தப் போட்டியிடும்' என்று எழுதும்போது இடிக்கிறது. ஒப்பந்தப்புள்ளி, விலையைக் குறித்துக் கொடுத்து வேலையை எடுப்பதற்கான சொல். 'உரிமைகோரல்' நெருங்கி வருகிறது, ஆனால் காப்பீட்டில் நாம் பழகிய பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஏற்கெனவே எனக்குச் சேரவேண்டியதைக் கொடு என்ற தொனி. உலகக் கோப்பை எந்த நாட்டுக்கும் சேரவேண்டிய பாக்கி அல்ல.

என் தேர்வு இரண்டு சொற்கள். வினையாக வரும் இடத்தில் 'நடத்த முன்வருதல்'. கேட்பதும் தர இசைவதும் இதில் இயல்பாகச் சேர்ந்திருக்கின்றன. பெயராக வரும் இடத்தில் 'நடத்துரிமைக் கோரிக்கை'. நடத்தும் உரிமை இன்னும் கையில் இல்லை, அதைத்தான் கோருகிறார்கள் என்பது சொல்லிலேயே தெரிகிறது. பல நாடுகள் சேர்ந்தால் கூட்டுக் கோரிக்கை. அரங்கங்கள், விமான நிலையங்கள், தங்குமிடங்கள் எல்லாவற்றையும் விவரித்து ஃபிஃபாவிடம் கொடுக்கும் தடித்த ஆவணத்தைக் கோரிக்கை ஏடு எனலாம்.

இந்தச் சொற்களால் சிக்கலான கதையையும் சுலபமாகச் சொல்ல முடிகிறது. 1986 போட்டியை நடத்த முன்வந்து 1974இலேயே தேர்வான கொலம்பியா, செலவு தாங்காது என்று 1982இல் விலகியது. மறு ஆண்டு அந்த நடத்துரிமை மெக்சிகோவுக்குப் போனது. மொராக்கோவின் கோரிக்கை 1994, 1998, 2006, 2010, 2026 என்று ஐந்து போட்டிகளுக்குத் தோற்றது. ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டுடனும் சேர்ந்து அது 2030க்குக் கொடுத்த கூட்டுக் கோரிக்கையை 2024 டிசம்பரில் ஃபிஃபா ஏற்றது.