பெனினிலிருந்து ஏத்தாப்பூருக்கு வந்த குளவி

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், கங்கவல்லி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறவர்கள் 2020-க்குப் பிறகு வந்த சாகுபடிப் பட்டங்களை லேசில் மறக்க மாட்டார்கள். நுனிக் குருத்து முட்டைக்கோஸ் மாதிரிச் சுருண்டு நின்றுவிடும். கணுக்கள் நெருங்கி, தண்டு கோணிக்கொள்ளும். சுருண்ட இலையைப் பிரித்தால் வெள்ளை மாவு; மாவை விலக்கினால் இளஞ்சிவப்பில் பூச்சி. கிழங்கு பருக்காது. பருத்தாலும் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லில் பாயிண்ட் ஏறாது. மாவுச்சத்துப் பாயிண்டை வைத்துத்தான் டன் விலை பேசுகிறார்கள் என்பதால், எடையிலும் அடி, விலையிலும் அடி.

தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து, இப்போது இதே பகுதியில் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லி வருபவன் நான். அந்த நாட்களில் தோட்டத்துக்குத் தோட்டம் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், இது அந்தப் பழைய மாவுப்பூச்சிதானுங்களே?"

இல்லை. இது வேறு பூச்சி. இரண்டும் வேறு என்று சொல்ல முடிந்ததால்தான் இன்று சேலம் மாவட்டத்தில் மரவள்ளி நிற்கிறது என்பது என் கணிப்பு. பல்கலைக்கழக ஆராய்ச்சி நாடுகளின் வளர்ச்சிக் கொள்கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணமும் இதுதான்.

பழைய பூச்சி என்று அவர்கள் சொன்னது பப்பாளி மாவுப்பூச்சியை. 2008-ல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடாமல் பரவியது. உடல் மஞ்சளாக இருக்கும். நசுக்கினால் மஞ்சள் நீர் வரும். அதை அடையாளம் கண்டு சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த தமிழர், பூச்சியியலாளர் முனியப்பன். குவாம் தீவில் இதே பூச்சியை ஒட்டுண்ணிக் குளவிகளால், அதாவது பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவிகளால், அடக்கிய வேலையில் அவருக்குப் பங்கு உண்டு. அங்கே கற்றது இங்கே உதவியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்துக்கு வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாக விட்டது. அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற இனம் நன்றாக ஊன்றிக்கொண்டது. ஓரிரு வருடத்தில் பப்பாளி மாவுப்பூச்சி அடங்கிவிட்டது.

2020-ல் வந்ததோ மரவள்ளி மாவுப்பூச்சி. முதலில் கேரளத்தின் திருச்சூரில் பதிவாகி, பிறகு நம் பக்கம் இறங்கியது. பழைய குளவி இதன்மேல் முட்டையிடாது. எத்தனை லட்சம் வளர்த்து விட்டிருந்தாலும் வீண்தான். மேலே பார்த்தால் இரண்டும் வெள்ளைப் பூச்சி. உள்ளே இரண்டுக்கும் எதிரி வேறு.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் இதே மரவள்ளிப் பூச்சி நுழைந்தது. நமக்கு மரவள்ளி என்றால் ஜவ்வரிசி, ஸ்டார்ச், மில். அங்கே அது சாப்பாடு. மரவள்ளி போனால் அடுப்பு எரியாது. பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து போயிருக்க வேண்டும், இயற்கை எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடக் கிளம்பினார்கள். அந்தக் கண்டத்தின் வடபகுதியில் பார்ப்பதற்கு அதே போன்ற பூச்சி கிடைத்தது, அதன்மேல் ஒட்டுண்ணிகளும் கிடைத்தன. கொண்டுவந்து ஆப்பிரிக்கப் பூச்சியோடு விட்டுப் பார்த்தால் ஒட்டுண்ணி பெருகவே இல்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. ஒன்றில் ஆணும் உண்டு. ஆப்பிரிக்காவில் இருந்ததில் பெண் மட்டுமே, அது ஆணில்லாமலே பெருகும். இரண்டும் தனித்தனி இனம் என்று வகைப்பாட்டியலாளர்கள் பிரித்துக் காட்டிய பிறகு தேடல் தெற்கே திரும்பியது. 1981-ல் பராகுவேயில் சரியான பூச்சி கிடைத்தது. அதோடு அனகைரஸ் லோபெசி என்ற மிகச் சிறிய குளவியும் கிடைத்தது.

இங்கிலாந்தில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு நைஜீரியாவில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் அதை வயலில் விட்டது. அந்த வேலையை முன்னின்று நடத்திய சுவிஸ் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பரிசு அவருக்குப் போனதில் தவறில்லை. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பூச்சியின் துளைகளையும் முடிகளையும் எண்ணி இனம் பிரித்தவர்களின் பெயரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? வகைப்பாட்டியலில் முனைவர் பட்டம் என்றால் "வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் காலம் இது. அவர்கள் இல்லையென்றால் குளவி பராகுவேயிலேயே இருந்திருக்கும்.

விஞ்ஞானம் இதுவரை. இது கொள்கையாக மாற இன்னொரு வகை ஆராய்ச்சி தேவைப்பட்டது. 1988-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் ரிச்சர்ட் நார்கார்ட், ஆப்பிரிக்காவில் இந்தத் திட்டத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பலன் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பணம் கொடுக்கும் நாடுகளின் அதிகாரிகளுக்குக் குளவியின் ஆயுள் சுழற்சி புரியாது. 149-க்கு 1 புரியும். நம் பப்பாளி மாவுப்பூச்சிக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. வர்ஜீனியா டெக் ஆய்வாளர்களும் தமிழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2014-ல் வெளியிட்டது: ஐந்து ஆண்டுகளில் இந்தியாவுக்குப் பலன் சுமார் 52 கோடி டாலரிலிருந்து 134 கோடி டாலர் வரை. இவ்வளவு அகலமான இடைவெளியைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. எங்கே நிச்சயமில்லை என்று ஒளிக்காமல் சொல்லும் கணக்கு அது. ஒரே எண்ணைச் சொல்லி மேடையில் கைதட்டு வாங்கும் கணக்குகளைத்தான் நான் நம்புவதில்லை.

அப்படியானால் தீர்வு கைவசம் இருந்து நாற்பது வருடம் ஆகியும் சேலத்துக்கு வர ஏன் தாமதம்? பூச்சி பதிவானது 2020, குளவி அதே சர்வதேச நிறுவனத்தின் கிளை உள்ள மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து வந்தது 2021, ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் விட்டது 2022 மார்ச். பயிர் போனவருக்கு அது நீண்ட காலம்தான். ஆனால் வெளிநாட்டு உயிரியைக் கொண்டுவரும் வேலையில் இது வேகம். உயிரியல் கட்டுப்பாட்டுக்கான உயிரிகளை எப்படி ஏற்றுமதி, இறக்குமதி செய்வது, எப்படி விடுவது என்பதற்குப் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் 1990-களிலேயே ஒரு தர வரையறை உருவாக்கப்பட்டு, 2005-ல் திருத்தப்பட்டது. தனிமைப்படுத்தி வைத்து, நம் ஊர்ப் பூச்சிகளைத் தொடுகிறதா என்று சோதிக்காமல் வெளியே விட முடியாது. 1935-ல் கரும்பு வண்டை ஒழிக்க ஆஸ்திரேலியாவில் கொண்டுவிட்ட தேரை இன்றுவரை அவர்களுக்குத் தலைவலி. அதனால் இந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு சிக்கல் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. உயிரியல் வளம் அந்தந்த நாட்டின் உரிமை என்று 1992-ன் பல்லுயிர் ஒப்பந்தமும் 2010-ன் நகோயா நெறிமுறையும் சொல்கின்றன. நியாயமான உரிமைதான், விதையும் மூலிகையும் களவுபோன கதை நமக்கும் தெரியும். ஆனால் பராகுவேயின் குளவி ஆப்பிரிக்காவுக்கும், ஆப்பிரிக்காவின் குளவி தாய்லாந்துக்கும், பிறகு நமக்கும் வந்தது யாரும் யாரிடமும் காசு கேட்காததால். விற்க முடியாத, ஒருமுறை விட்டால் தானே பெருகும் உயிரிக்கு விதையோடும் மூலிகையோடும் ஒரே படிவமா? பல்கலைக்கழகங்களில் சட்டமும் சுற்றுச்சூழலும் படிக்கிறவர்கள் கையில் எடுக்க வேண்டிய கேள்வி இது.

குளவி வந்தாயிற்று. தோட்டத்தில் என்ன நடந்தது?

குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் முதலில் சாவது குளவி. மாவுப்பூச்சிக்கோ மெழுகுப் போர்வை உண்டு, சுருண்ட குருத்துக்குள் ஒளிந்தும் இருக்கிறது. இது எல்லோருக்கும் சொல்லப்பட்டது, எல்லோருக்கும் புரிந்தது. ஆனாலும் பலர் அடித்தார்கள். விழிப்புணர்வு போதவில்லை என்று அறிக்கையில் எழுதிவிடலாம். நான் பார்த்தது வேறு. குத்தகைக்கு ஓட்டுகிறவர் ஒன்பது, பத்து மாதப் பயிரை நம்பிக் கடன் வாங்கியிருக்கிறார். பூச்சியைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, குளவி ஒரு தலைமுறை பெருகட்டும் என்று மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டிருக்க அவரால் ஆகாது. அதைவிடப் பெரிய காரணம், அவருக்கு உரத்தையும் மருந்தையும் கடனில் தருபவரும் என்ன அடிப்பது என்று யோசனை சொல்பவரும் ஒரே கடைக்காரர். அறுவடைக்குப் பிறகு பணம் கொடுத்தால் போதும் என்பவரிடம், "மருந்து வேண்டாம் அண்ணே, குளவி இருக்கு" என்று எப்படிச் சொல்வார்?

இந்த இடம் ஆராய்ச்சிக்குத் தப்பிவிடுகிறது. எங்கள் பகுதிக்கு ஆய்வுக்காக வரும் மாணவர்களின் கேள்வித்தாளைப் பார்த்திருக்கிறேன். "ஒட்டுண்ணி பற்றித் தெரியுமா? எத்தனை பயிற்சியில் கலந்துகொண்டீர்கள்?" என்றெல்லாம் இருக்கும். கடைக்கு எவ்வளவு பாக்கி என்ற கேள்வி இருக்காது. நிதி தரும் அமைப்புகளும் பயிற்சி பெற்றவர்களின் தலையை எண்ணுகின்றன. கடன் யாரிடம் என்று கேட்காத ஆய்விலிருந்து பிறக்கும் கொள்கை இன்னும் நாலு பயிற்சி வகுப்பைத்தான் சேர்க்கும். ஆய்வு முடிந்த பிறகு முடிவை விவசாயிகளிடம் வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பூச்சி பரவிய வழியும் அப்படித்தான். அதற்கு இறகு இல்லை. காற்றில் குஞ்சுகள் கொஞ்ச தூரம் போகும்; மாவட்டம் தாண்டிப் போவது லாரியில், நடுவதற்கு வெட்டிய தண்டான விதைக் கரணையோடு. நல்ல ரகம் என்று கேள்விப்பட்டால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கூடக் கரணை வாங்கி வருகிறோம். நாட்டு எல்லையில் தாவரத் தடுப்புக்கு அலுவலர் உண்டு. ஆத்தூருக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் யார் இருக்கிறார்கள்? பூச்சி கண்ட தோட்டத்துக் கரணையை வாங்காமல் இருப்பதும், வாங்கியதைப் பரிந்துரைத்த மருந்துக் கரைசலில் நனைத்து நடுவதும் நம் கையில்தான் உண்டு.

எல்லாக் குளவியும் இப்படிக் கைகொடுக்காது என்பதற்கு நிமிர்ந்து பார்த்தால் ஏற்காடு. 1990-ல் நீலகிரியின் கூடலூர் வழியாக நாட்டுக்குள் வந்த காய்த்துளைப்பான் வண்டு காப்பித் தோட்டங்களுக்கு நிரந்தரத் தொல்லை. அதற்கும் வெளிநாட்டு ஒட்டுண்ணியைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். மரவள்ளியில் நடந்தது அங்கே நடக்கவில்லை. இன்றும் சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்கள் செடியில் ஒரு காய் தங்காமல் பறிப்பதையும், கீழே விழுந்ததைப் பொறுக்குவதையும்தான் நம்புகிறார்கள். அதற்குக் கூலியாள் வேண்டும். மலையில் ஆள் கிடைப்பது நாளுக்கு நாள் பாடாக இருக்கிறது. ஓரிடத்தில் வென்றதை அச்செடுத்து எல்லா நாட்டுக்கும் அனுப்புகிற பழக்கம் வளர்ச்சித் திட்டக்காரர்களுக்கு உண்டு. அவர்களை ஒருமுறை காப்பித் தோட்டத்தில் பழம் பொறுக்க விட வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வர்ஜீனியா டெக்கில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைக்கு இருந்த ஆய்வுத் திட்டம் அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமையான யுஎஸ்ஏஐடி-யின் பணத்தில் நடந்தது. 2025-ல் அந்த முகமையே மூடப்பட்டது. அதன் உதவியில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆப்பிரிக்காவில் பூச்சி அடங்கிப் பல வருடம் ஆன பிறகும் அந்தக் குளவியைத் தெரிந்த ஆட்களும் அதை வளர்த்து அனுப்பும் வசதியும் பெனினில் இருந்தன. அதனால்தான் 2009-ல் தாய்லாந்து கேட்டபோதும், பிறகு நாம் கேட்டபோதும் கொடுக்க முடிந்தது. பூச்சி இல்லாத வருடத்தில் பூச்சி ஆராய்ச்சிக்குச் சம்பளம் எதற்கு என்று எந்த நிதி அதிகாரியும் கேட்பார். வெளிநாட்டுப் பணம் நிற்கும்போது அந்தச் செலவை நம் அரசும் சேகோ தொழிலும் ஏற்குமா? சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கினோம். கிழங்கைக் காக்கும் ஆய்வுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்க மில்காரர்கள் யோசிக்கலாம்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. இதுவரை பார்க்காத பூச்சி கண்ணில் பட்டால் உயிரோடு கவரில் போட்டு ஊர் ஊராக எடுத்துப் போகாதீர்கள், பரப்புவது நீங்களாகிவிடுவீர்கள். குருத்தை நறுக்கி, மூடியுள்ள சிறு பாட்டிலில் மெடிக்கல் கடையில் கிடைக்கும் எரிசாராயம் ஊற்றி அதில் போடுங்கள். ஊர், தேதி, ரகம், கரணை எங்கே வாங்கியது என்று பென்சிலால் காகிதத்தில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே வையுங்கள். பேனா மை கரைந்துவிடும். மேலிருந்து ஒன்று, இலையைத் திருப்பி ஒன்று என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏத்தாப்பூர் நிலையத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்துவிட்டு, என்ன பூச்சி என்று பதில் வரும்வரை பூச்சிமருந்துக் கடைப் பக்கம் போகாமல் இருங்கள்.