பச்சிளம் குழந்தையின் மலம் வெளுத்திருந்தால் காத்திருக்காதீர்கள்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது சகஜம், பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் தெரிந்தால், "இளவெயிலில் காட்டு, சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் சரி, ரத்தத்தில் நேரடி பிலிருபின் (பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியில் கல்லீரல் பக்குவப்படுத்திய பகுதி) எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். நாப்கினையும் பாருங்கள். பச்சிளம் குழந்தையின் மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். அந்த நிறம் பித்தநீர் தருவது. பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் மலம் அரிசி மாவு போல வெளிறிவிடும், பிலிருபின் சிறுநீரில் இறங்கித் துணியில் மஞ்சள் கறை படியும்.

பைலரி அட்ரீசியா என்ற அரிய நோயில் இப்படி நடக்கும். கல்லீரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுபோகும் நாளங்கள் தழும்பாகி அடைபட்டுப் போகின்றன, தேங்கிய பித்தநீர் கல்லீரலையே கெடுக்கிறது. கொடுமை என்னவென்றால், முதல் வாரங்களில் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எடையும் ஏறும், யாருக்கும் சந்தேகமே வராது.

ஸ்கேனில் பித்தப்பை சுருங்கியிருக்கலாம், தெரியாமலே போகலாம். ஆனால் இயல்பாகத் தெரிந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால் கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி, கடைசியில் ஆபரேஷன் மேசையிலேயே பித்தப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, அது ஒரு பக்கம் கல்லீரலுக்கும் மறுபக்கம் குடலுக்கும் போகிறதா என்று பார்ப்பார்கள்.

ஒருகாலத்தில் இதற்கு வழியே இல்லை. ஜப்பானின் செண்டாய் நகரில் 1950-களில் மொரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர்தான் வழி கண்டார். கல்லீரலின் வாசலில் இருக்கும் தழும்புத் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் மிஞ்சியிருக்கும். அந்தத் திசுவைக் கல்லீரலை ஒட்டி வெட்டியெடுத்து, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து அங்கே தைத்துவிட்டால், கசியும் பித்தநீர் நேராகக் குடலுக்குள் இறங்கும். பலன் தெரிவதும் நாப்கினில்தான்: வெளுத்த மலத்தில் நிறம் ஏறத் தொடங்கும். ஆனால் பிறந்த 60 நாளுக்குள் செய்தால் வாய்ப்பு அதிகம். நாள் ஆக ஆகக் கல்லீரல் இறுகிக்கொண்டே போகும். அப்புறம், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே. பித்தநீர் இல்லாமல் அது உடலில் சேராது, மூளைக்குள் ரத்தக் கசிவு வரைக்கும் போகலாம்.

கசாய் அறுவை பலிக்காத குழந்தைகளுக்கும், பலித்தும் பின்னாளில் கல்லீரல் கெட்டுப்போகிறவர்களுக்கும் மாற்றுக் கல்லீரல்தான் வழி. 1998-இல் டெல்லியில் நடந்த, இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று இதே நோய்க்குத்தான். குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது, கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அப்பா.

தைவானில் 2004 முதல், மல நிறங்களை அச்சிட்ட அட்டை ஒன்று எல்லாக் குழந்தைகளின் சுகாதாரக் கையேட்டிலும் இருக்கிறது. அம்மாக்கள் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறார்கள், உரிய நாளுக்குள் அறுவைக்கு வரும் குழந்தைகள் அங்கே அதிகமாகியிருக்கிறார்கள்.