ஹெட்மன்: பதூரின் நகரம் காட்டும் பொருள்

உக்ரைன் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர்க்கு 'ஹெட்மன்' என்னும் சொல் வந்ததும் 'தளபதி' என்று பெயர்த்துவிடத் தோன்றும். அது முற்றிலும் பிழையன்று. ஆனால் அதனால் சொல்லின் பாதிப் பொருள் நழுவிப்போகிறது.

ஜெர்மன் மொழியில் 'ஹௌப்ட்' என்றால் தலை. 'மன்' என்றால் ஆள். இவ்விரண்டும் சேர்ந்த 'ஹௌப்ட்மன்' என்பதன் பழைய வடிவம் செக் மொழிக்குச் சென்று 'ஹெய்ட்மன்' ஆயிற்று. அங்கிருந்து போலந்துக்குப் போய் 'ஹெட்மன்' ஆகி, பின்பு உக்ரைனை அடைந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பயணத்தின் ஒவ்வோர் இடத்திலும் பொருள் மாறியது. இன்றைய ஜெர்மனியில் இது படையின் நடுத்தர அதிகாரி ஒருவரின் பதவிப்பெயர். செக் குடியரசில் மண்டல ஆளுநரைக் குறிக்கும். பழைய போலந்தில் அரசருக்காகப் படை நடத்திய பெருந்தலைவரின் பட்டமாக இருந்தது. உக்ரைனின் புல்வெளிகளில் தன்னாட்சியோடு வாழ்ந்த போர்வீரர் கூட்டத்தாரான கசாக்குகளிடம்தான் அது ஒரு நாட்டின் தலைவரையே குறிக்கும் அளவுக்கு உயர்ந்தது. (கசாக்கு என்பது கட்டற்றுத் திரிபவரைக் குறித்த துருக்கிய வேர்ச்சொல். கசக்ஸ்தான் மக்களின் பெயரும் அவ்வேரிலிருந்தே வந்தது. ஆயினும் இவர்கள் வேறு, அவர்கள் வேறு.)

1648இல் கசாக்குத் தலைவர் போக்தான் கிமெல்னித்ஸ்கி போலந்துக்கு எதிராக எழுந்தபின் உருவான கசாக்கு நாட்டில், ஹெட்மன் படையை நடத்தினார். அதனோடு நிலம் வழங்கினார், ஆணை பிறப்பித்தார், மேல்முறையீடுகளையும் விசாரித்தார். இதைச் சொற்களைவிடத் தெளிவாகக் காட்டுவது பதூரின் நகரம். வடக்கு உக்ரைனின் செர்னிஹிவ் மாநிலத்தில் செய்ம் ஆற்றங்கரையில் உள்ள இச்சிறுநகரம், 1669 முதல் 1708 வரையிலும், மீண்டும் 1750 முதல் 1764 வரையிலும் தலைநகராக விளங்கியது.

அங்கே ஹெட்மன் இவான் மசேப்பாவின் காலத்திலிருந்து இடியாமல் நிற்கும் கட்டடம் ஒன்றே ஒன்றுதான். அது படைவீரர் கூடமோ ஆயுதச்சாலையோ அன்று, தலைமை நீதிபதி வசில் கொச்சுபெய்யின் இல்லம். தலைமை நீதிபதியையும் தலைமை எழுத்தரையும் தம் கீழ் வைத்திருந்த ஒருவரை வெறும் தளபதி என்று எப்படிச் சொல்வது? ரஷ்யப் பேரரசர் ஜார் பீட்டரிடம் மசேப்பாவைக் காட்டிக்கொடுக்க முயன்ற கொச்சுபெய் 1708இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டு மசேப்பா சுவீடன் அரசர் பன்னிரண்டாம் சார்லசுடன் சேர்ந்தபோது, பீட்டரின் தளபதி மென்ஷிகோவின் ரஷ்யப் படை நவம்பரில் பதூரினைக் கைப்பற்றி, மக்களைக் கொன்று, ஊரை எரித்தது. தலைநகர் ஹ்லூகிவுக்கு மாறியது. மண்ணுக்கடியில் அந்தப் படுகொலையின் எலும்புகளை அகழாய்வாளர்கள் கண்டெடுத்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இன்று பயணிகள் முதலில் காணும் பெரிய அரண்மனை கசாக்கு நாட்டின் கடைசி ஹெட்மன் கிரிலோ ரொசுமோவ்ஸ்கிக்காக ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கேமரன் வடிவமைத்தது. அது 1799இல் தொடங்கி 1803 வரை கட்டப்பட்டது. ஹெட்மன் பதவியையோ ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1764இலேயே ஒழித்துவிட்டார். நெடுங்காலம் சிதைந்து கிடந்த அந்த மாளிகையும், மரத்தாலான பழைய கோட்டையின் மீட்டுருவமும் இந்நூற்றாண்டில்தான் எழுந்தன.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். வேரை அப்படியே பெயர்த்தால் 'தலைமகன்' என்பது வியக்கத்தக்க பொருத்தம். பழந்தமிழில் 'மகன்' ஆண்மகனையும் வீரனையும் குறித்தது. ஆனால் இன்று அது மூத்த மகனையும் அகப்பாடல் தலைவனையும் நினைவூட்டுவதால் உதவாது. 'அரசர்' என்பதும் ஆகாது. ஹெட்மன் முறைப்படி கசாக்குகளின் பேரவையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பரம்பரை வேந்தர் அல்லர். படையையும் ஆட்சித் தலைமையையும் ஒருங்கே தாங்கும் 'படைமுதல்வர்' என்னும் சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. போலந்து ஹெட்மனுக்குப் 'படைத்தலைவர்' போதும். முதன்முறை வரும் இடத்தில் 'படைமுதல்வர் (ஹெட்மன்)' என்று எழுதி, பிறகு தமிழ்ச் சொல்லையே தொடரலாம். பதூரினின் வரலாற்றுக் காப்பகத்துக்கு உக்ரைனியர் இட்ட பெயரையும் 'படைமுதல்வர் தலைநகர்' என்று இயல்பாகவே பெயர்க்கலாம்.